ஐயாயிரம் வெள்ளி மஹர்

என் வீட்டுக்காரர் அப்துல் மஜீதைப்போல விலை தெரிந்த மனிதர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

நான் காத்தூன் பீவி. எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. முன்னால் கடை, பின்னால் அடுப்படி, மேலே படுக்கை. கைலி, வாயில், மல், வேட்டி என்று எது வந்தாலும் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து விலை சொல்லிவிடுவார் இந்த மனுஷன். துணி மட்டுமா? கோழி, குடை, ஓட்டை சைக்கிள், எதைக் காட்டினாலும் விலை வாயில் தயாராக இருக்கும். எதிரே நிற்கிற ஆள் எவ்வளவுக்கு இறங்கி வருவான் என்பதும் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இவ்வளவு தெரிந்தவர் எங்கள் ஒரே மகள் ஜுபைதாவுக்கு என்ன செய்து வைத்தார் என்று கேளுங்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

ஜப்பான்காரன் நாற்பத்திரண்டில் கோலாலம்பூருக்குள் வந்தபோது தன் நோட்டையும் கூடவே கொண்டுவந்தான். வாழைமரம் அச்சடித்த நோட்டு. இந்த ஊரில் டாலரை நாங்கள் வெள்ளி என்போம். வெள்ளைக்காரன் காலத்து ஒரு வெள்ளியும் வாழைமர நோட்டு ஒரு வெள்ளியும் சமம், வாங்க மறுத்தால் தலை இருக்காது என்று உத்தரவு போட்டான். சரி, நமக்குத் தலை வேண்டுமே, வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் லியனார்ட் கடைக்கு வந்தார். ரயில்வேயில் கிளார்க் வேலை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற வேதக்காரக் குடும்பம். மனைவி பெயர் டொரத்தி. மனிதர் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

"பாய், சம்பளம் கூட்டிட்டாங்க! ஒன்றரை மடங்கு! வெள்ளைக்காரன் இருந்தப்பகூட இவ்வளவு நான் வாங்கினதில்ல லா. டொரத்திக்கு நல்ல வாயில் ஒன்னு எடுங்க, பூப்போட்டது."

என் வீட்டுக்காரர் மரியாதையாக எடுத்துக் காட்டினார், கிழித்துக் கொடுத்தார், காசை வாங்கினார். லியனார்ட் தெருமுனை திரும்புகிற வரை பொறுத்திருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பார்த்தியா காத்தூன், காகிதத்தை எண்ணிச் சந்தோஷப்படுறாரு. பழைய சம்பளத்துல பத்து கைலி வாங்கியிருப்பாரு. கூடின சம்பளத்துல இப்ப நாலு வராது. நம்பர் பெருசானா மனுஷனுக்குப் புத்தி மழுங்கிப் போகுது."

"பாவம், அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டாரு. சம்பளம் கூடிருச்சுன்னுதான் நிப்பாரு."

அப்படிப்பட்ட புத்திசாலி. இன்னொன்றும் சொல்கிறேன். ஒருநாள் காலையில் சர்க்கார் லோரி ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் சொன்னார்கள்: உப்புக்குத் தட்டுப்பாடு இல்லை, பொதுமக்கள் கவலைப்பட வேண்டாம். அதுவரைக்கும் உப்பைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை. இவர் அளவுகோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு மூட்டை உப்பு. மதியத்துக்குள் பாசாரில் ஒரு கல் உப்பு இல்லை.

"உப்பு கொறைஞ்சதாலயா வெலை ஏறுச்சு? ஏறும்னு எல்லாரும் நெனைச்சாங்க, ஏறுச்சு. கவலைப்படாதேன்னு சர்க்காரே வீதியில வந்து சொன்னா, கவலைப்பட விஷயம் இருக்குன்னுதானே சனம் நெனைக்கும்? வாயை மூடிக்கிட்டு நாலு மூட்டை உப்பைக் கடையில கொண்டாந்து அடுக்கியிருந்தா ஒருத்தனும் ஓடியிருக்க மாட்டான்." மூட்டையை இறக்கி வைத்தபடி அவர் சொன்னதை நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சர்க்கார் விலைப் பட்டியல் எங்கள் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. எந்தத் துணியை என்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று வரிசையாகப் போட்டிருக்கும். அந்த விலைக்கு விற்கவென்று அலமாரியில் நாலு கைக்குட்டையும் ஒரு சாயம் போன துண்டும் கிடக்கும். உண்மையான துணியெல்லாம் மேலே எங்கள் கட்டிலுக்கு அடியில். இரண்டு வருஷம் நான் வாயில் கட்டுகளின் மேல்தான் தூங்கினேன். நோட்டை இவர் ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்கவிட்டதில்லை. காலை வியாபாரத்தில் வந்த நோட்டு சாயங்கால அஸர் தொழுகைக்குள் சோப்பாகவோ தையல் ஊசியாகவோ தீப்பெட்டியாகவோ மாறியாக வேண்டும். நோட்டைக் கையில் வைத்திருப்பது ஐஸ்கட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல என்பார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவருக்குத் தெரியாது என்று நாளைக்கு யாரும் வக்காலத்து வாங்கக் கூடாது. தெரியும். இந்தத் தெருவில் இவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நாற்பத்துநாலு தொடக்கத்தில் ஜுபைதாவுக்குச் சம்பந்தம் வந்தது. வயது பதினெட்டு. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பிழைத்த காலம். யாராவது கட்டிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது. மாப்பிள்ளை அய்யூப், கிள்ளான்காரர். கரியில் ஓடுகிற இரண்டு லோரி வைத்துச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் வாட்டசாட்டம். தாயார் அமீனா பீவி விதவை. எல்லாம் சரி. மஹர் மட்டும்தான் பேச வேண்டும்.

எங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பொருள் மஹர். உடனே கொடுப்பதும் உண்டு, கடனாக நிறுத்திவைப்பதும் உண்டு. கடனாக நின்றால், அவன் அவளை விலக்குகிற நாளில் முழுசையும் கீழே வைத்தாக வேண்டும். அதனால் மஹர் பெரிதாக இருந்தால் தலாக் என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது. பெண்ணுக்கு இருக்கிற காவல் அதுதான். என் மகளுக்கு நான் கேட்டதும் அந்தக் காவலைத்தான்.

"ஏங்க, பவுன்ல கேளுங்க" என்றேன். "இருபது பவுன் போதும்."

"பவுன்னு சபையில சொன்னா ராத்திரியே ஜப்பான்காரன் வந்து கதவைத் தட்டுவான்."

"அப்ப துணியாக் கேளுங்க. கட்டு கட்டாக் கேளுங்க. எதை வேணும்னாலும் மஹரா வைக்கலாம்னு பள்ளிவாசல் லெப்பையே சொல்றாரு. சோப்புன்னாலும் சோப்புதான்."

என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "மஜீத் மகளுக்கு மஹர் சோப்பா? சபையில சிரிக்க மாட்டாங்க? எங்கண்ணன் என்ன நெனைப்பாரு?"

வந்துவிட்டது, அண்ணன். இவருடைய அண்ணன் அப்துல் ரஹ்மானுக்குக் கிள்ளானில் பெரிய கடை. யுத்தத்துக்கு முன்னால் தன் மகள் நிக்காஹில் ஆயிரம் வெள்ளி மஹர் என்று சபையில் சொல்லவைத்தார். அன்றைக்குக் கிள்ளானே அதைத்தான் பேசியது. என் வீட்டுக்காரர் அப்போது விருந்தாளிகளுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆயிரம் இவர் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு இத்தனை வருஷம் நின்றது எனக்குத் தெரியும். ஆனால் அது வெள்ளைக்காரன் காலத்து ஆயிரம் என்பது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பேச்சு வார்த்தை நாளில் ஆண்கள் கடையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால். அமீனா பீவி என் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். லெப்பை மஹர் பற்றிக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஐயாயிரம் வெள்ளி!"

திரை இடுக்கில் பார்த்தேன். அண்ணன் முகம் சுருங்கியிருந்தது. தம்பி முகத்தில் அப்படியொரு களை. இருபது வருஷக் குடித்தனத்தில் இவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அமீனா பீவி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "சம்பந்தி வாய்விட்டுக் கேட்டுட்டாரு. ஐயாயிரமே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்கவில்லை. பெரிய தொகையாச்சே என்று இழுக்கவில்லை. எனக்குத் திக்கென்றது. இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"ஏங்க, அந்தம்மா பேரமே பேசல!"

"மரியாதை தெரிஞ்ச குடும்பம்."

"மரியாதையும் மண்ணாங்கட்டியும்! இருபது வருஷமா ஜவுளிக்கடைக்காரர் பொண்டாட்டியா இருக்கேன். பேரம் பேசாம வாங்குறவன் சல்லிசுன்னு தெரிஞ்சுதானே வாங்குவான்? நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது யாவாரம் புள்ளே. இது கல்யாணம்" என்று சொல்லிவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்குப் போய்விட்டார். நான் கரண்டியோடு நின்றேன். திரையைத் தாண்டிப் போய்ப் பேசவா முடியும்?

நிக்காஹ் நடந்தது. மஹர் ஐயாயிரமும் கடனாக நின்றது. அதற்கப்புறம் கடைக்கு யார் வந்தாலும், கைக்குட்டை வாங்க வந்தவனுக்கும்கூட, எங்க மகளுக்கு ஐயாயிரம் என்று சொல்லாமல் இவர் அனுப்பமாட்டார். அதே வாய்தான் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்று துணிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம்போல வரும்.

வருஷம் முடிவதற்குள் நோட்டின் கதி எல்லோருக்கும் தெரிந்துபோனது. சம்பளத்தைப் பையில் வாங்கி, பையோடு பாசாருக்கு ஓடி, கையில் மரவள்ளிக்கிழங்கோடு வந்தார்கள். நோட்டுகளில் வரிசை எண்கூட அடிக்காமல் விட்டான் ஜப்பான்காரன். ஒரு நாள் இவர் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"ஏங்க, ஐயாயிரத்துக்கு இன்னிக்கு என்ன குடுப்பீங்க?"

தலையைத் தூக்காமலே, "அஞ்சாறு கைலி தரலாம்" என்றார்.

"அப்ப நம்ம ஜுபைதாவோட காவல் அஞ்சாறு கைலிதானா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. முகம் சிவந்துவிட்டது. "மஹர் வேற, நோட்டு வேற! மஹரைப் போயி யாவாரத்தோட சேத்துப் பேசுற? ஐயாயிரம்னா ஐயாயிரம்!"

"கிள்ளானுக்குப் போயி மருமகன்கிட்ட நல்லவிதமாச் சொல்லுங்க. பத்துப் பவுனா மாத்தி வச்சுக்கலாம்னு கேளுங்க. குடியா முழுகிடும்?"

"நல்லா இருக்கிற குடித்தனத்துல போயி மஹரை மாத்துன்னா, தலாக்கு சொல்லுன்னு நாமளே எடுத்துக் குடுக்கிற மாதிரி. வாயைக் கழுவு."

சரி, நல்லாத்தான் இருக்கிறார்களே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஜுபைதா பெருநாளைக்கு வந்தாள், சிரித்துப் பேசினாள், போனாள். தலையணை உறையில் அவள் போட்ட ரோஜாப்பூ வேலையை மாமியார் மெச்சினாராம். பிள்ளை இன்னும் உண்டாகவில்லை என்று லேசாகக் குத்தவும் செய்தாராம். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

நாற்பத்தைந்து ஆகஸ்ட்டில், நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஊர் கிசுகிசுக்க ஆரம்பித்தது. சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. துப்பாக்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஸ்டேஷன் மூலையில் இரண்டு சிப்பாய்கள் வழக்கம்போல நின்றார்கள். ஆனால் நோட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் பைத்தியம் பிடித்தவர்கள்போல ஓடினார்கள். கிடைத்ததை வாங்கினார்கள். விளக்குமாறு, பூட்டு, சாவி இல்லாத பூட்டு! விற்கிறவர்கள் நோட்டை மறுக்க முடியாது, அதனால் சாமான் இல்லை என்றார்கள். அலமாரி நிறையச் சாமானை வைத்துக்கொண்டே இல்லை என்றார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை லியனார்ட் வந்தார். ஒரு மாதச் சம்பளத்தை அரிசிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பாய், டொரத்திக்கு ஒரு சேலை. கட்டியிருக்கிறது கிழிஞ்சு போச்சு. கோயிலுக்குப் போக வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கா. மொத்தத்தையும் எடுத்துக்குங்க."

என் வீட்டுக்காரர் பையைப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்ச நாளாகவே கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தையைத் தணிந்த குரலில் சொன்னார்.

"நோட்டு வேணாம். சாமான் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க."

லியனார்ட் பையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாசம் உழைச்சது பாய், என்று மட்டும் சொன்னார். போய், வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். இவர் மேலே போய் நல்ல சேலையாகவே எடுத்துவந்து கொடுத்தார். அநியாயம் செய்கிற ஆள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடிகாரம் எங்கள் கடைச் சுவரில், விலைப் பட்டியல் பக்கத்தில் தொங்கியது.

அதே நாள் சாயங்காலம். நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் லோரி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜுபைதா இறங்குகிறாள்! எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மகளும் மருமகனும் நோன்பு திறக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கஞ்சியில் இன்னும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். அப்புறம்தான் அவள் கையிலிருந்த தகரப்பெட்டியைப் பார்த்தேன். இங்கிருந்து கொண்டுபோன அதே பெட்டி. பின்னால் அய்யூப், லெப்பை, சாட்சிக்கு இரண்டு பேர்.

"என்னம்மா, பெட்டியோட?"

"உம்மா..." என்றாள்.

ஆண்கள் கடையில் உட்கார்ந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். ஜுபைதா என்னை ஒட்டிக்கொண்டு நின்றாள். அய்யூப் நேராகவே ஆரம்பித்தார்.

"ஒத்து வரல மாமா. ரெண்டு பேருக்கும் கஷ்டம் வேணாம். லெப்பையையும் சாட்சியையும் கையோட கூட்டியாந்துட்டேன்."

என் வீட்டுக்காரருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒத்து வரலன்னா? என்ன தப்புப் பண்ணினா எம்புள்ள?"

"தப்பெல்லாம் ஒன்னுமில்ல."

ஜுபைதா என் காதில் சொன்னாள்: "அரிசி மண்டிக்காரர் பொண்ணு உம்மா. மொதப் பொண்டாட்டி இருந்தா தரமாட்டாராம். மாமிதான் பேசி முடிச்சாங்க."

அப்போதும் பாருங்கள், என் வீட்டுக்காரர் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். கடைசி நம்பிக்கையை எடுத்து வீசுகிறவர்போலச் சொன்னார்.

"அப்படியெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிட முடியாது தம்பி. ஐயாயிரம் வெள்ளி மஹர் நிக்குது. சபையில ஒத்துக்கிட்டது. முழுசையும் கீழ வைக்கணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார் அய்யூப்.

லோரியிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். தலையணை இல்லை, உறை மட்டும்தான். உள்ளே இருந்தது பஞ்சு இல்லை, வாழைமர நோட்டு. உறையின் மூலையில் என் மகள் போட்ட ரோஜாப்பூ.

"எண்ணிப் பாத்துக்குங்க மாமா."

என் வீட்டுக்காரர் உறையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய லியனார்டின் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "தம்பி, இது... இன்னிக்கு இதுக்கு..." என்றார்.

"செல்லாதுன்னு சொல்றீங்களா? ஸ்டேஷன் மூலையில ரெண்டு பேரு நிக்குறாங்க. வாங்க, அவங்க முன்னாடி ஒருவாட்டி சொல்லுங்க. நான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன்."

இவர் லெப்பையைப் பார்த்தார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். "பேசினது நோட்டு, குடுக்கிறதும் நோட்டு மஜீத் பாய். நான் என்ன சொல்லட்டும்? அன்னிக்கே பவுன்னு பேசியிருந்தா..."

அய்யூப் எழுந்து நின்றார். "ஐயாயிரம்னு சொன்னது நீங்கதானே மாமா? நாங்க ஒரு வெள்ளி கொறைக்கச் சொன்னமா?"

அதற்கு மேல் என்னால் திரைக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. ஆண்கள் சபையாவது ஒன்றாவது! திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அடப்பாவி! நோன்பு வாயோட இந்தக் காரியத்துக்கா வந்தே? அவ போட்ட பூவு அது. அந்த உறையிலயே கொண்டாந்து கொட்டுறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்கா? உங்க உம்மா அன்னிக்கு வெத்தலை மடிச்ச கை..."

என்னென்ன சொன்னேனோ, இப்போது ஒன்றும் நினைவில்லை. சாட்சிக்கு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அய்யூப் என் பக்கம் திரும்பவே இல்லை. சொல்ல வந்த வார்த்தையை லெப்பை முன்னால் சொன்னார். லோரியில் ஏறினார். கரிப்புகை கடைக்குள் வந்து நிறைந்தது. இவ்வளவும் நடந்து முடிய கஞ்சி வேகிற நேரம்கூட ஆகவில்லை.

லெப்பையும் மெதுவாக எழுந்து போனார். என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறி எழுந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில், மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அளவுகோலை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கண் எங்கோ தெருவில் நிலைத்திருந்தது.

ஜுபைதா திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாயில் கிடந்த தலையணை உறையை இரண்டு கையாலும் தூக்கினாள். படி இறங்கித் தெருப்பக்கம் போய், வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். உறையை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு கைலி வேணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கேட்டவள் முகத்தைப் பார்க்கவில்லை. உறையின் வாயில் பிதுங்கிக்கொண்டிருந்த நோட்டைத்தான் பார்த்தார். காலையிலும் நேற்றும் அதற்கு முந்தின நாளும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவரைக் கேட்காமலே திறந்தது.

"நோட்டு வேணாம். சாமான் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். எதிரே நிற்பது யார் என்று அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அளவுகோல் கையிலிருந்து விழுந்தது.

"சாமானுக்கு நான் எங்க போவேன் வாப்பா?" என்றாள் ஜுபைதா. "எனக்குன்னு நீங்க பேசி வாங்கிக் குடுத்தது இதுதானே."

அந்த மனிதர் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு, நோட்டு மூட்டையைக் கட்டிப்பிடித்து, பெரிய சத்தம் போட்டு அழுதார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு ஒலித்தது. நான் அவரைத் தேற்றப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் கலந்த அந்தக் கஞ்சியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.